ஒறம்பரைத் தண்ணீர்

1

சென்ற மாதம் ஒருநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்று, கையிலிருந்த காலி பாட்டிலை நீட்டித் தண்ணீர் கேட்டாள். அமெரிக்காவுக்கு வந்த இத்தனை வருடத்தில் தண்ணீருக்காக ஒருவர் என் வாசற்படி ஏறியது அதுதான் முதல் தடவை. சூலூர்ப் பக்கத்துக்காரிக்குக் கை சும்மா இருக்குமா? உள்ளே வாருங்கள், உட்காருங்கள் என்று ஆங்கிலத்தில் உபசரித்துவிட்டு, பரணில் கிடந்த எவர்சில்வர் சொம்பைத் தேட ஓடினேன்.

சொம்போடு திரும்பி வந்தால், அவள் குடிக்க வந்தவள் இல்லையாம். ஊர்க் குடிநீர் அலுவலகத்திலிருந்து வந்தவள். நாங்கள் இருப்பது ஒரு பெரிய ஏரியின் கரையில் உள்ள சின்ன ஊர். பெயரை எழுதினால் மேயர் வருத்தப்படுவார், வேண்டாம். இங்கே பழைய வீடுகளில், தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு ஈயத்தால் ஆனதாக இருக்குமாம். அந்த ஈயம் தண்ணீரில் கரைந்தால் குழந்தைகளின் மூளைக்கு ஆகாது. அதனால் சில பழைய வீடுகளைத் தேர்ந்தெடுத்துத் தண்ணீரைப் பரிசோதிக்கிறார்கள். எங்கள் வீடு பழையது. வாங்கும்போது அதை 'பாரம்பரியம்' என்று சொல்லித்தான் விற்றார்கள்.

தண்ணீர்க்காரம்மா, அப்படித்தான் அவளுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன், மிகவும் தன்மையாக வழிமுறை சொன்னாள். முதல் நாள் சாயங்காலம் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் நன்றாக ஓடவிட வேண்டும். குழாய் வாயில் இருக்கும் சின்னச் சல்லடையைக் கழற்றி, அதில் அடைந்திருக்கும் துகள்களைத் தட்டிவிட வேண்டும். மறுநாள் காலை, குழாயை மெல்லிசாகத் திறந்து, நிதானமாகப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. எவ்வளவு சுத்தபத்தமான பெண்!

அவள் போனதும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என் மகள் நிலா, "இது சீட்டிங்மா" என்றாள்.

நிலா கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். தமிழில் பாதி தெரியும், சந்தேகம் முழுதாக வரும். அவள் சொன்னதன் சாரம் இது: குழாயில் இரவெல்லாம் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் ஈயம் கரையும். சல்லடையில்தான் துகள் தங்கும். வேகமாகத் திறந்தால்தான் ஒட்டியிருப்பது உதிர்ந்து வரும். எல்லாவற்றையும் முன்கூட்டியே கழுவித் துடைத்துவிட்டு, மெல்லிசாகப் பிடித்துக்கொடுத்தால் ஈயம் எப்படி வரும்? "நீ தினமும் காஃபிக்குத் தண்ணி பிடிக்கும்போது இப்படியா பிடிக்கறே?"

இல்லைதான். நான் தூக்கக் கலக்கத்தில் குழாயைப் படாரென்று திறந்து பிடிக்கிறவள். அப்படியானால் அலுவலகம் கேட்டது நாங்கள் குடிக்கும் தண்ணீரை அல்ல. பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பட்டுப் புடவை கட்டி நிறுத்திய தண்ணீரை.

2

கோயமுத்தூர்க்காரர்களிடம் தண்ணீரைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. சிறுவாணி என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம். உலகத்திலேயே ருசியான தண்ணீர் எங்களுடையது என்று, உலகத்தின் மற்ற தண்ணீர் எதையும் குடித்துப் பார்க்காமலேயே எங்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் சூலூர் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊருக்குச் சிறுவாணி வருவதில்லை. அதன் பெருமை மட்டும் குழாய் இல்லாமலேயே வந்து சேர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் வருவது வேறொரு ஆற்றுத் தண்ணீர். ஊராட்சிக் குழாயில், அதற்கு மனது வருகிற அன்றைக்கு வரும். அதன் பெயர் நல்ல தண்ணி. மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர்த் தண்ணீர். இந்த 'நல்ல தண்ணி' என்பது தண்ணீரின் குணத்தைச் சொல்லும் சொல் இல்லை, அது ஒரு குழாயின் பெயர். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் மேலே படிப்பதில் பயனில்லை.

நான் புரிந்துகொண்டு பட்ட பாட்டைச் சொல்கிறேன். அமெரிக்கா வந்த புதிதில், அடுக்ககத்தின் மேலாளரிடம், "இந்த வீட்டில் நல்ல தண்ணீர்க் குழாய் எது?" என்று கேட்டேன். எல்லாக் குழாயிலும் நல்ல தண்ணீர்தான் வரும் என்றார், முகம் சுண்டிப்போய். மனிதரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "சரி, அப்படியானால் உப்புத் தண்ணீர்க் குழாய் எது?" என்றேன். போர்த் தண்ணீரை எங்கள் பக்கம் உப்புத் தண்ணி என்றும் சொல்வோம், அவ்வளவுதான். மறுநாள் இரண்டு பேர் கருவிகளோடு வந்து, குடிநீரில் உப்பு கலப்பதாகப் புகார் வந்திருக்கிறது என்று அரை நாள் குழாய் குழாயாகச் சோதித்தார்கள். உப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் தெரிந்தது, இந்த நாட்டில் குடிப்பதற்கும் கக்கூஸுக்கும் ஒரே தண்ணீர் என்று. இன்னும் ஃப்ளஷ் நெம்புகோலை அழுத்தும்போது, நல்ல தண்ணி போகிறதே என்று ஒரு கணம் மனது பதறும்.

அம்மாவின் நிலைமை இது என்றால் மகளுடையது வேறு. நிலா ஒரு இரும்பு பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி எங்கும் தூக்கிக்கொண்டு திரிகிறவள். சென்ற பொங்கலுக்கு ஊரிலிருக்கும் என் தம்பி செந்திலோடு வீடியோவில் பேசும்போது, "மாமா, நான் தினமும் எந்திரிச்சதும் தண்ணி அடிப்பேன். காலேஜ்ல ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து அடிப்போம். அடிக்கலைன்னா எனக்குத் தலை வலிக்கும்" என்று மலர்ந்த முகத்தோடு சொன்னாள்.

அந்தப் பக்கம் திரையில் முகம் பெரிதாகிக் கிட்டே வந்தது. பிறகு செந்தில் மெல்லக் கேட்டான்: "அக்கா, மச்சான் பக்கத்துல இருக்காருங்களா?"

3

செந்திலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பிறகு தறிக்குடோனும் வீடும் அவன் பொறுப்பு. நல்லவன், உழைப்பாளி. அவனிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் விவாதிக்கலாம், அப்பா போட்ட போரைப் பற்றி மட்டும் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் தகுதியை வீட்டின் உயரத்தை வைத்து அளப்பதில்லை, போரின் ஆழத்தை வைத்து அளப்பார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "உங்களுக்கு எத்தனை அடிங்க?" என்று கேட்டுவிடுவார். அப்பா ஆயிரம் அடி போட்டார். அதில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது, லேசாக இனிக்கவும் செய்தது. அதற்குப் பிறகு அதைக் குறை சொல்வது அப்பாவைக் குறை சொல்வது ஆகிவிட்டது.

ஆகவே வீட்டில் ஏற்பாடு இப்படி. நல்ல தண்ணீர் எப்போதாவது வருவதால் அதைப் பித்தளை அண்டாவில் பிடித்து மூடி வைப்பார்கள். அது காப்பிக்கும், பருப்பு வேகவைக்கவும், முக்கியமாக ஒறம்பரைக்கும். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களையும் விருந்தாளிகளையும் எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். வாசலில் ஒறம்பரையின் செருப்புச் சத்தம் கேட்டால் அண்டாவில் சொம்பு விழும் சத்தமும் கூடவே கேட்கும். வீட்டு ஆட்கள் தினமும் குடிப்பது போர்த் தண்ணீர். அதுதான் வற்றாமல் வருகிறதே.

செந்திலின் மகள் மகிழினிக்கு எட்டு வயது. பால் பற்கள் இருந்தவரை அவள் சிரிப்பை ஊரே சுற்றி நின்று பார்க்கும். அவை விழுந்து புதுப் பற்கள் முளைத்தபோது, முன்பற்களில் பழுப்புக் கோடுகளும் சுண்ணாம்புத் திட்டுகளுமாக வந்தன. முதலில் அவள் பல் துலக்குவதில்லை என்று திட்டினார்கள். பிறகு சாக்லேட் மேல் பழி போட்டார்கள். அதன் பிறகு, ஊர்ப் பற்பசை சரியில்லை, அமெரிக்கப் பற்பசை அனுப்பு என்று என்னிடம் கேட்டார்கள். நானும் பெட்டி பெட்டியாக அனுப்பினேன். இப்போது மகிழினி சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது. வீடியோவில் கண்கள் மட்டும் சிரிக்கும். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கும். யாரை என்றுதான் தெரியாமல் இருந்தது.

சிங்காநல்லூரில் ஒரு பல் மருத்துவர்தான், இது துலக்குவதால் போகும் கறை இல்லை, பல் ஈறுக்குள் உருவாகும்போதே ஃப்ளோரைடு அதிகமாகப் போனதால் வந்தது, குடிக்கிற தண்ணீரைப் பரிசோதியுங்கள் என்று சொன்னாராம். செந்தில் வெளியே வந்து அவன் மனைவி கோமதியிடம், "பல்லு டாக்டருக்குப் பல்லு தெரியும். தண்ணியப் பத்தி அவருக்கென்ன தெரியும்?" என்றானாம்.

இதில் எனக்கு இன்னொரு வேடிக்கை. எங்கள் அமெரிக்க ஊரில் பல் கெடாமல் இருக்கக் குடிநீரில் கொஞ்சம் ஃப்ளோரைடை அளந்து கலக்கிறார்கள். அதற்கு ஒரு பொறியாளர், ஒரு இயந்திரம், அதை எதிர்த்து மாதாமாதம் ஊர்க்கூட்டத்தில் சண்டை போட ஒரு சங்கம். எங்கள் ஊரில் இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. ஆயிரம் அடியில் இருக்கும் பாறை யாருடைய அனுமதியும் கேட்காமல், அளவும் பார்க்காமல், தாராளமாகக் கலந்து கொடுக்கிறது. அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க நான் ஃப்ளோரைடு பற்பசை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மகிழினியின் பற்கள் முளைத்துவிட்டன. அதில் இனிச் செய்ய அதிகமில்லை. என் கவலை சின்னவன் கதிரைப் பற்றியது. அவனுக்கு அப்போது ஒரு பல்கூட முளைத்திருக்கவில்லை. தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால். அந்தப் பால் பவுடரைக் கரைத்தது போர்த் தண்ணீரில். "கொதிக்க வெச்சு, ஆத்தித்தானுங்க அண்ணி குடுக்கறேன்" என்று கோமதி சொன்னாள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். அவனுடைய நிலைப் பற்கள் அப்போதுதான், இந்தப் பாலைக் குடித்துக் குடித்து, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்தன.

4

அப்படியானால் பரிசோதித்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பரிசோதனை நடந்திருந்தது.

சென்ற வருடம் நான் ஊரில் இருந்தபோது, கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்க வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் போர்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை வைத்து, வயரைச் சொருகினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் டம்ளர் சாக்கடை நிறத்துக்குப் போனது. அவருடையது அப்படியே இருந்தது.

"ஏனுங்க சார், இதையுங்களா கொழந்தைகளுக்குக் குடுத்துட்டு இருக்கறீங்க?" என்று அந்தத் தம்பி கன்னத்தில் கை வைத்தார்.

செந்தில் எழுந்தான். "அலுங்காமக் கெளம்பிருங்க தம்பி. எங்கப்பன் ஆயரம் அடி போட்ட தண்ணிங்க இது. அதுல கம்பிய உட்டுக் கறை பண்ணிப்போட்டு எங்கிட்டயே காட்டறீங்களா? இன்னொருக்கா இந்தப் பக்கம் வந்தீங்கன்னா காலை ஒடிச்சுப்போடுவனுங்க."

எங்கள் ஊரில் அடிக்கக் கை ஓங்கினாலும் 'ங்க' கீழே விழாது.

அந்தத் தம்பி காட்டியது மோசடிதான். கம்பியின் இரும்பு கரைந்துதான் அந்த நிறம் வரும், உப்புகள் உள்ள எந்தத் தண்ணீரிலும் வரும். ஃப்ளோரைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, எந்தக் கம்பிக்கும் அது அகப்படாது. இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் தண்ணீர் சரியில்லை என்று அந்த வீட்டில் அதுவரை உண்மை பேசிய ஒரே ஆள் அந்த ஏமாற்றுக்காரர்தான். காரணத்தைத்தான் தப்பாகச் சொன்னார். செந்தில் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டான்: தண்ணீரைச் சோதிக்க வருகிறவன் எதையோ விற்க வருகிறான்.

"எதுக்குங்க்கா டெஸ்ட்டு? நம்மூர்த் தண்ணியெல்லாம் கவர்மெண்டே டெஸ்ட் பண்ணுது. தொட்டியில எழுதியே வெச்சிருக்குதுங்க" என்றான்.

அந்த மேல்நிலைத் தொட்டியை நானும் பார்த்திருக்கிறேன். தூணில் நீலப் பெயிண்டில் 'சுத்தம் செய்த நாள்', 'அடுத்து சுத்தம் செய்யும் நாள்' என்று இரண்டு தேதிகள் இருக்கும். பெயிண்டர் கிடைப்பது அருமை என்பதால், அவர் வருகிற அன்றைக்கே வருங்காலத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவார். குளோரின் பார்ப்பவர் தொட்டிக்குக் கீழேயே இருக்கும் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விடுவார்; குளோரின் இருந்தால் அது மஞ்சளாகும். குளோரின் கொட்டிய இடத்துக்குக் கீழேயே பார்த்தால் மஞ்சள் நிறம் மாம்பழம் மாதிரி வராமல் என்ன செய்யும்? கடைசித் தெருவுக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேர்கிறபோது அதில் குளோரின் இருக்கிறதா, தண்ணீரே இருக்கிறதா என்பது அவருடைய வேலை இல்லை. அதுவும் போக, எங்கள் வீட்டுப் போருக்கும் அந்தத் தொட்டிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வீட்டுக்குள் இருக்கும் போரை யாரும் வந்து சோதிப்பதில்லை. இதைச் சொன்னால், "அதனாலதானுங்க்கா அது சுத்தமா இருக்குது" என்றான்.

கடைசியில் நிலா கேட்டதற்காகச் சம்மதித்தான். தண்ணி அடிக்கிற மருமகள் மேல் அவனுக்கு ஒரு இரக்கம். கோயமுத்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து பாட்டில் வாங்கி வந்து கோமதியிடம் கொடுத்து, "டெஸ்ட்டுக்குத் தண்ணி புடிச்சு வெய்யி" என்று சொல்லிவிட்டுத் தறிக்குடோனுக்குப் போய்விட்டான். மறுநாள் காலை காந்திபுரத்துக்கு நூல் விஷயமாகப் போகும்போது பாட்டிலையும் கொடுத்துவிட்டு வந்தான்.

முடிவு வந்தது. பத்தாம் வகுப்பு மார்க்கை வாசிப்பதுபோல் ஃபோனில் வாசித்தான். கடினத்தன்மை பாஸ். நைட்ரேட் பாஸ். ஃப்ளோரைடு பாஸ்.

"என்னங்க்கா, இப்பத் திருப்திங்களா? எங்கப்பன் போட்ட போருங்க."

அது எனக்கும் அப்பன்தான் என்பதை மறந்துவிட்டான். பல் மருத்துவர் பொய்யர், நான் அமெரிக்காவுக்குப் போய்ப் பயந்தாங்கொள்ளி ஆனவள், நிலா அதிகப்பிரசங்கி என்று தீர்ப்பாகி வழக்கு மூடப்பட்டது. கதிருக்குப் போர்த் தண்ணீரில் பால் தொடர்ந்தது.

5

இப்போது மறுபடியும் தண்ணீர்க்காரம்மாவிடம் வருகிறேன். அவள் வந்துபோன அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வீடியோவில் பேசினோம். இங்கே காலை, அங்கே பொழுதோட, அதாவது சாயங்காலம். செந்தில் மடியில் கதிர், கோமதி பக்கத்தில், பின்னால் மகிழினி வாயைப் பொத்தியபடி. நிலா அந்த பாட்டில் கதையை நடித்தே காட்டினாள். குழாயை ஓடவிடுவது, சல்லடையைத் தட்டுவது, மெல்லிசாகப் பிடிப்பது.

"வேடிக்கையைப் பாருங்க அத்தை," என்று கோமதியிடம் சொன்னாள். "நாங்க குடிக்கற தண்ணியை விட்டுட்டு, மேக்கப் போட்ட தண்ணியைக் கேக்கறாங்க!"

கோமதிக்கு அதில் என்ன வேடிக்கை என்று புரியவில்லை. "அது அப்படித்தான கண்ணு குடுக்கோணும்? வெளியாளுக்குக் குடுக்கறதாச்சே" என்றாள். "நானுமே அன்னிக்குப் பாட்டில நல்லாச் சுடுதண்ணி ஊத்திக் கழுவிப்போட்டுத்தான் புடிச்சேன்."

"எந்தத் தண்ணி அத்தை பிடிச்சீங்க?"

"நல்ல தண்ணிதான் கண்ணு" என்றாள் கோமதி.

நிலா தலையாட்டினாள். அவள் காதில் விழுந்தது ஒரு பெயரடை. என் காதில் விழுந்தது ஒரு குழாயின் பெயர்.

"கோமதி," என்றேன், "அண்டாவுல இருந்தா?"

"ஆமாங்க அண்ணி. கோயமுத்தூர் வரைக்கும் போற தண்ணி. நாலு படிச்சவிய பாக்கறது. போர்த் தண்ணியவா குடுத்தனுப்புவாங்க? நாளைக்கு நம்ம ஊட்டப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அவள் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அந்தப் பரிசோதனைக் கூடம் அவளுக்கு ஒறம்பரை. ஒறம்பரைக்கு அண்டாத் தண்ணீர். நானே அந்த வீட்டில் இருந்திருந்தால் என் கையும் அண்டாவுக்குத்தான் போயிருக்கும். தண்ணீர்க்காரம்மாவும் இதையேதான் செய்யச் சொன்னாள், அவளிடம் அண்டா இல்லை, அவ்வளவுதான். உலகத்தில் எங்கே போனாலும் தண்ணீரைச் சோதிக்கிறவரும் சோதனைக்குக் கொடுப்பவரும் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. குடிக்கிறவர்களுக்குத்தான் அந்த மரியாதை கிடைப்பதில்லை.

செந்தில் கோமதியைப் பார்த்தான். பிறகு மடியில் இருந்த பால் புட்டியைப் பார்த்தான். "அப்ப அன்னிக்குப் பாஸானது..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

கோமதி கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்துகொண்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வாரவிய போறவியளுக்கெல்லாம் நல்ல தண்ணி ஊத்தி அனுப்பிச்சுப்போட்டு, என்ற புள்ளைகளுக்குப் போர்த் தண்ணியக் குடுத்துப்போட்டனுங்களே அண்ணி" என்றாள். அப்போது திரையில் அவளும் மகிழினியும் ஒரே மாதிரி வாயைப் பொத்தியபடி இருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. நிலாவுக்கு முன்னால் அழுவதில்லை என்று வைத்திருந்தேன், அதுவும் அன்றைக்குப் போயிற்று.

6

இரண்டாவது பாட்டிலை செந்திலே பிடித்தான். குழாயை ஓடவிடவில்லை, பாட்டிலுக்குச் சுடுதண்ணீர் உபசாரம் இல்லை. போர்க் குழாயைத் திறந்து, தினமும் எப்படிப் பிடிப்பார்களோ அப்படிப் பிடித்துக் கொண்டுபோனான். முடிவு வந்தபோது அவன் என்னை அழைக்கவில்லை. நானே அழைத்தேன். இந்த முறை மார்க் வாசிக்கவில்லை.

"அது நெம்ப அதிகமா இருக்குதுங்க்கா" என்றான். பிறகு, "அப்பாவுக்குத் தெரியாதுங்க்கா. தெரிஞ்சிருந்தாப் போட்டிருக்க மாட்டாரு" என்றான்.

"தெரியாது தம்பி. தெரிஞ்சுக்க அவருகிட்ட யாரு பாட்டில் குடுத்தாங்க?" என்றேன். அதற்கு மேல் அவனைக் கேலி செய்ய மனது வரவில்லை.

ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், எங்கள் தெருவின் போர்களையெல்லாம் சோதிக்கச் சொல்லிக் கேட்டானாம். அரசு பரிசோதிக்க வேண்டியது அரசு கொடுக்கும் தண்ணீரை, தனியார் போர் தனியார் பொறுப்பு என்றார்களாம். அப்படியானால் அரசுத் தண்ணீரையாவது தினமும் விடுங்கள் என்றதற்கு, அது வேறு பிரிவு, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்களாம். அங்கே போனால், அதிகாரி தண்ணீர்த் தரம் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் மூடி போட்ட தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார்கள் என்பதை நான் இங்கிருந்தே சொல்வேன்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? நிலா தண்ணீர்க்காரம்மா சொன்ன எதையும் செய்யாமல், காலையில் முதல் தண்ணீரைப் படாரென்று திறந்து பிடித்துக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் தண்ணீர்க்காரம்மா கவலையோடு அழைத்தாள். ஈயம் இருக்கிறது. "முந்தின நாள் குழாயை ஓடவிட்டீர்களா? சல்லடையைக் கழற்றினீர்களா?" இல்லை என்றேன். அப்படியானால் இது முறையான மாதிரி இல்லை, திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்றாள், மிகவும் தன்மையாக. நிலா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிய பேச்சை எங்கள் ஊரில் பேசியிருந்தால் ஒரு இடத்திலாவது 'ங்க' சேர்த்திருப்பார்கள். முடிவில், வடிகட்டி வைத்த ஒரு ஜாடியைக் கொடுத்தனுப்பினார்கள். எங்கள் வாசலுக்கு முன்னால் தெருவில் நீலப் பெயிண்டால் ஒரு கோடும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இடத்தில் தோண்டி ஈயக் குழாயை மாற்றுவார்களாம். எப்போது என்று கோட்டில் எழுதவில்லை. நீலப் பெயிண்டைப் பார்த்ததும் எனக்கு ஊர்த் தொட்டி ஞாபகம் வந்து, சொந்த மண்ணில் நிற்பதுபோல ஒரு நிம்மதி ஏற்பட்டது.

7

போன ஞாயிற்றுக்கிழமை பேசியபோது வீட்டு ஏற்பாடு தலைகீழாக மாறியிருந்தது. அண்டாத் தண்ணீர் முழுக்கக் குழந்தைகளுக்கு. ஒறம்பரை வந்தால் மோர் கொடுத்துச் சமாளிக்கிறாளாம் கோமதி. இருந்தும் அண்டா பத்தவில்லை.

"அந்தக் கம்பிக்காரத் தம்பி நம்பரு கெடைக்குதான்னு தேடிட்டு இருக்கறனுங்க்கா," என்றான் செந்தில். "அவரு மெஷின் ஃப்ளோரைட எடுக்குதாமா. வந்தாருன்னா, கம்பிய மட்டும் பைக்குள்ளயே வெச்சுக்கோங்கன்னு சொல்லோணும்."

"காலை ஒடிப்பேன்னு சொன்னியே?"

"அது அன்னிக்குங்க. பொங்கல் நோம்பிக்கு நீங்க வந்தீங்கன்னா ஒண்ணு சொல்லிப்போடறேன், கோவிச்சுக்கப்படாது. மெஷின் மாட்டற வரைக்கும் உங்களுக்குப் போர்த் தண்ணிதானுங்க."

இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த உபசாரங்களில் இதைவிட மரியாதையான ஒன்று எனக்கு நினைவில்லை. சந்தோஷமாகச் சரி என்றேன்.

அப்போது மகிழினி கதிரைத் தூக்கிக்கொண்டு திரைக்கு அருகே வந்தாள். அவன் கீழீறில் அரிசி மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. முதல் பல். அவன் உதட்டை விரலால் இழுத்து எனக்குக் காட்டினாள்.

"அத்தை, இது உழுந்து மொளைக்கறதும் வெள்ளையாவே மொளைக்குங்களா?"

"மொளைக்கும் கண்ணு. அதுக்குத்தான உங்கப்பா பாட்டில்ல தண்ணி கொண்டுபோயி டெஸ்ட் பண்ணிட்டு வந்தாங்க."

கொஞ்ச நேரம் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குற்றம் சொல்கிற குரலில் இல்லை, தெரிந்துகொள்ளும் குரலில்தான் கேட்டாள்.

"நான் பொறந்தப்ப யாருமே பாட்டில் கொண்டு வரலீங்களா அத்தை?"

செந்தில் எழுந்து போய்விட்டான். கோமதி அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். இரண்டு நாட்டுத் தண்ணீர் அலுவலகங்களையும் இத்தனை பக்கம் கேலி செய்த நான், அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானைத் தேடினேன்.

"சிக்னல் சரியில்ல கண்ணு, அத்தை அப்புறம் கூப்படறேன்" என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவள் கை வாயை மூடியிருந்தது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.